சாயம் ஏறாத செல்கள்

1895இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ஒரு தையல்காரப் பெண், நோயியலாளர் ஆல்ட்ரெட் வார்தினிடம் தன் மரணத்தை முன்கூட்டியே சொன்னார். எங்கள் வீட்டில் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்துதான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று. சொன்னபடியே இளம் வயதில் கருப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுத்து 1913இல் வெளியிட்டார். பெயர் தெரியாமலிருக்க ‘ஜி குடும்பம்’ என்று குறித்தார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1960களில் ஹென்றி லிஞ்ச் இதேபோன்ற குடும்பங்களோடு வந்தபோதும் சந்தேகம்தான் மிச்சம்.

மருத்துவம் அப்போது வேறொரு அளவுகோலை நம்பியிருந்தது. 1932இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ், மலக்குடல் புற்றை மூன்றாகப் பிரித்தார்: குடல் சுவருக்குள் நிற்பது ஏ, சுவரைத் தாண்டுவது பி, நிணநீர்க் கணுவைத் தொடுவது சி. எளிமையானது, பயனுள்ளது. ஆனால் ஒரே படிநிலையில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் ஏன் பிழைத்தார், இன்னொருவர் ஏன் போனார்? அதற்கு அதில் பதில் இல்லை.

பதிலின் ஒரு துண்டு 1993இல் கிடைத்தது. சில கட்டிகளின் டிஎன்ஏவில், திரும்பத் திரும்ப வரும் சிறு எழுத்துத் தொடர்களின் நீளம் தாறுமாறாக மாறியிருந்தது. நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் வேலை செய்யவில்லை என்பதே காரணம். எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என நான்கு புரதங்கள். ஜி குடும்பத்தில் பழுதாகியிருந்தது எம்எஸ்எச்2 மரபணு என்பது பின்னர் தெரிந்தது.

நான் மென்பொருள் எழுதுபவன். இந்தச் சோதனையில் என்னை ஈர்ப்பது அதன் தலைகீழ்த் தர்க்கம். மெல்லிய திசுச் சீவலில் எதிர்ப்புரதத்தை ஊற்றுகிறார்கள். புரதம் இருந்தால் அணுக்கரு பழுப்பாகும். கட்டியின் செல்கள் மட்டும் வெளிறி, பக்கத்திலிருக்கும் நல்ல செல்கள் பழுப்பாகியிருந்தால், சாயம் சரி, புரதம்தான் இல்லை என்று அர்த்தம். இல்லாததுதான் இங்கே தடயம்.

பெருங்குடல் புற்றுகளில் ஏறக்குறைய 15% இப்படிப்பட்டவை. எல்லாம் பரம்பரையாக வந்தவை அல்ல. பெரும்பாலானவற்றில் கட்டிக்குள்ளேயே எம்எல்எச்1 மரபணு அணைந்துபோயிருக்கும். ஆரம்ப நிலைகளில் இவற்றின் போக்கு பொதுவாகச் சற்று நல்லது. 2003இல் வந்த ஓர் ஆய்வு, இவர்களுக்கு அறுவைக்குப் பின் தரும் ஃப்ளூரோயுராசில் பலன் தரவில்லை என்று காட்டியது. தேவையில்லாத கீமோ எத்தனை உடம்பைப் படுத்தியிருக்கும்!

அதே பழுது இன்னொரு கதவையும் திறந்தது. பிழைகள் குவிந்தால் விசித்திரமான புரதங்கள் உருவாகும். நோயெதிர்ப்புச் செல்கள் அவற்றை அந்நியமாக அடையாளம் காணும். 2017இல் பெம்ப்ரோலிசுமாப் மருந்து, கட்டி எந்த உறுப்பில் என்று பார்க்காமல் இந்தப் பழுதை மட்டும் பார்த்து அங்கீகரிக்கப்பட்டது. 2022இல் நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் மட்டும் பெற்ற 12 மலக்குடல் புற்று நோயாளிகளில் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. கத்தியும் வேண்டியிருக்கவில்லை, கதிர்வீச்சும் வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு அந்தத் தையல்காரப் பெண்ணின் திசுவில் எம்எஸ்எச்2வுக்குச் சாயம் போட்டால் பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். அவருடைய சகோதர சகோதரிகளை முன்கூட்டியே கூப்பிட்டுக் குடலுக்குள் பார்த்திருப்பார்கள். அவர் சொன்னது விதியில்லை, ஒரு குடும்பத்தில் கூர்ந்து கவனித்துச் சேர்த்த தரவு. அதைப் படிக்க நமக்கு நூறு வருஷம் ஆயிற்று.