‘பதிதர்’ என்னும் சொல்: முத்துக்குளித்துறைப் பரதவரும் சீர்திருத்தத் திருச்சபையும்

பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்களைப் புரட்டுவோர் சீர்திருத்தத் திருச்சபையினரைக் குறிக்கும் ‘பதிதர்’ என்னும் சொல்லை அடிக்கடி காண்பர். வடமொழியினின்று வந்த இச்சொல்லுக்கு ‘வீழ்ந்தவர்’ என்பது பொருள். சமயநெறியினின்று வழுவியவரை மட்டுமன்றி, குல ஒழுக்கத்தினின்று தவறி இனத்தாரால் தள்ளப்பட்டவரையும் தமிழ் வழக்கு இச்சொல்லாலேயே சுட்டி வந்தது. இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தழுவி நின்ற இடம் தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறையாகும். நம் முன்னோரும் இவ்வகையில் குறைந்தவரல்லர்; ‘பாப்பு மார்க்கத்தார்’ என்று அவர்கள் எழுதியதில் அன்பின் சாயல் சிறிதும் இல்லை.

1658ஆம் ஆண்டில் தூத்துக்குடி, சீர்திருத்தச் சபையைச் சார்ந்த டச்சுக் கம்பெனியின் கைக்கு வந்தது. அன்று தொடங்கி, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலம் நீங்கலாக, 1825 வரை அந்நகர் அவர்களிடமே இருந்தது. ஆட்சியும் வாணிகமும் படையும் அவர்களுடையவை. ஆயினும் பரதவ மக்கள் கத்தோலிக்க விசுவாசத்தை விட்டு வரவில்லை. இதற்கு நம் பக்கத்து வரலாற்று நூல்கள் தரும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றே: மக்கள் அறியாமையில் ஆழ்ந்திருந்தனர், குருக்கள் அவர்களைத் தம் பிடியில் வைத்திருந்தனர் என்பது. இவ்விளக்கம் போதாது என்பது இக்கட்டுரையாளனின் கருத்து.

ஊராய்ப் பெற்ற திருமுழுக்கு

பரதவர் கிறிஸ்தவரான வரலாறு மாணவர் பலரும் அறிந்ததே. முத்துச் சலாபத்தின் உரிமை பற்றி அவர்களுக்கும் கடற்கரை முஸ்லிம்களுக்கும் மூண்ட கடும் பகை, 1530களில் அவர்களைப் போர்த்துக்கீசரிடம் கொண்டு சேர்த்தது. குதிரை வாணிகரும் கிறிஸ்தவருமான ஜோவான் த குரூஸ் வழிகாட்ட, பட்டங்கட்டிமார் கொச்சிக்குச் சென்று பாதுகாப்பு வேண்டினர். 1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். 1538இல் வேதாளையில் நிகழ்ந்த கடற்போரில் போர்த்துக்கீசர் வென்றதால் அப்பாதுகாப்பு உறுதியாயிற்று.

இங்கே திருமுழுக்கை முடிவு செய்தவர் தனி மனிதர் அல்லர். ஊரும் ஊர்த்தலைவரும் முடிவு செய்தனர். இதைச் சுட்டி இம்மனமாற்றம் போலி என்று கூறுவோர் உளர். அவ்வாறு கூறுவோர் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்து, மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, ஊர் ஊராக நடந்து சிறுவர்க்குக் கற்பித்தார். அவருக்குப் பின் வந்த என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இம்மக்களிடையே வாழ்ந்து 1600இல் மறைந்தார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல்களுள் அது தலையாயது. ‘அடியார் வரலாறு’ 1586இல் வெளிவந்தது. இவ்வச்சுப் பணிக்குப் பொருள் உதவியோர் இக்கடற்கரை மக்களே. ‘படிப்பில்லாத மீனவர்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற இவர்கள், சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால்வைப்பதற்கு 120 ஆண்டுகளுக்கு முன்னரே தங்கள் தாய்மொழியில் அச்சிட்ட ஞான நூலைக் கையில் வைத்திருந்தனர்.

ஆகவே 1658இல் டச்சுக்காரர் சந்தித்தது, மூன்று நான்கு தலைமுறைகளாக வேரூன்றியிருந்த ஒரு திருச்சபையை.

கம்பெனியும் போதகரும்

கம்பெனிப் படையுடன் தூத்துக்குடிக்கு வந்த போதகர் பிலிப்புஸ் பல்தேயுஸ் கற்றறிந்தவர், உழைப்பாளி. 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய பெருநூலில் தமிழ் எழுத்துகளை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தியதோடு, கர்த்தருடைய செபத்தையும் தமிழில் தந்துள்ளார். பரதவரைச் சீர்திருத்தச் சபைக்குள் கொண்டுவர அவர் முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. நகரினின்று துரத்தப்பட்ட குருக்கள் மதுரை நாயக்கரின் நிலப்பகுதியில் தங்கினர். மக்கள் அங்கே சென்று பூசை கண்டு திரும்பினர். துறைமுகம் கம்பெனியினுடையதாயினும் சுற்றியிருந்த நாடு கம்பெனியினுடையதன்று; அதனால் மதிலுக்கு வெளியே நடப்பதைத் தடுக்க வழியில்லை. பல்தேயுஸ் விரைவில் யாழ்ப்பாணம் சென்று, 1665 வரை அங்கேயே பணியாற்றினார்.

பின்னொரு காலத்தில் ஒரு டச்சுப் போதகர் பரதவரின் சாதித் தலைவரை வாதத்தால் வெல்ல முயன்ற செய்தியை, பிரெஞ்சு இயேசு சபைக் குருவான பியேர் மார்த்தேன் 1700ஆம் ஆண்டையொட்டி எழுதிய மடலில் சொல்லுகிறார். தலைவர் மறுமொழியாக, சவேரியார் இக்கரையில் செய்த அற்புதங்களைக் காட்டிலும் மேலானவற்றைப் போதகர் முதலில் செய்து காட்டட்டும், அதன்பின் அவர் சமயத்தைப் பற்றிப் பேசலாம் என்றாராம். இம்மடல் பாரிசிலுள்ள வாசகர் களிப்புறுவதற்கென்று எழுதப்பட்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும் கதையின் உட்பொருள் நம்பத் தகுந்ததே. தலைவர் கோட்பாட்டைப் பற்றி வாதிடவில்லை. ‘எங்களுக்கு ஒரு தகப்பன் இருந்தார், நீர் எங்களுக்கு யார்?’ என்ற வினாவே அவர் சொல்லில் ஒலிக்கிறது.

அவ்வினாவுக்குக் கம்பெனியிடம் விடை இருந்ததா? தூத்துக்குடியில் டச்சுக்காரர் கட்டிய ஆலயம் எழுந்தது 1750இல். அதாவது நகரைக் கைக்கொண்டு 92 ஆண்டுகளுக்குப் பின்னர். இலங்கைத் தமிழரான போதகர் பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாடு கொழும்பிலுள்ள கம்பெனி அச்சகத்தினின்று வெளிவந்தது 1759இல். நூறாண்டு கடந்த பின். மக்களோடு குடியிருந்து, அவர்கள் மொழியில் முதுமை அடைந்த ஒரு போதகரை டச்சுச் சபை இக்கரைக்குத் தரவில்லை. முத்து வாங்க வந்தவர்களின் சமயம் என்றே பரதவர் அதனைக் கண்டனர். அவ்வாறு கண்டதில் பிழையும் இல்லை. கம்பெனிக்கும் குளியாட்கள் வேண்டும். சலாபத்தை ஒழுங்குபடுத்தச் சாதித் தலைவர் வேண்டும். மனச்சான்றை நெருக்கினால் சலாபம் கெடும் என்பதைக் கணக்கர்கள் போதகர்களைவிட நன்கு அறிந்திருந்தனர். காலப்போக்கில் குருக்களின் நடமாட்டத்தைக் கண்டும் காணாதிருக்கக் கற்றுக்கொண்டனர்.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே நிலமும் கம்பெனியுடையது. 1658இலேயே கத்தோலிக்கக் குருக்களுக்குப் புகலிடம் அளிப்பது கொடுந்தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. அரசுப் பதவியும் திருமணப் பதிவும் வாரிசுரிமையும் சீர்திருத்தச் சபைத் திருமுழுக்கோடு பிணைக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் ஆயிரக்கணக்கானோர் ஏட்டளவில் சபையினர் ஆயினர். ஆனால் 1687இல் கோவாவினின்று மாறுவேடத்தில் வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் அம்மக்களிடையே மறைவாகப் பூசை நிறைவேற்றத் தொடங்கியபோது, ஏட்டிலுள்ள பெயருக்கும் உள்ளத்துக்கும் இருந்த தொலைவு வெளிப்பட்டது. 1796இல் டச்சு ஆட்சி நீங்கியதும் அச்சபை வெயிற்பட்ட பனிபோல் கரைந்தது. கத்தோலிக்கரை ‘ஊராய்த் திருமுழுக்குப் பெற்றோர்’ என்று குறை கூறுமுன் நாம் யாழ்ப்பாணத்தை நினைத்துக்கொள்வது நலம்.

கயிறு பிடிப்பவன்

இதுவரை கூறியது பரதவர்க்குச் சாதகமான பகுதி. இனிக் கூறப்போவதை அவ்வளவு எளிதில் கூற இயலவில்லை.

முத்துக் குளிப்போன் கல்லைக் காலில் மாட்டி ஆழத்தில் இறங்குகையில், அவன் உயிர் தோணியின்மேல் கயிறு பிடித்து நிற்பவன் கையில் இருக்கிறது. அவ்வாறு நிற்பவன் பெரும்பாலும் மைத்துனனாகவே இருப்பான் என்பது கடற்கரை மரபுரை. தமக்கை தாலி இழக்கலாகாது என்னும் அக்கறை அவனுக்கே மிகுதி. கொண்டு கொடுக்கும் உறவின்றித் தொழில் இல்லை. அவ்வுறவோ கோயிலில் திருமணமாய் உறுதிப்படுவது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் நாள் கொண்டாடப்படும் பனிமய மாதா திருவிழாவில், முதன்மை மரியாதை சாதித் தலைவருக்கே உரியதாக நெடுங்காலம் இருந்தது. சபை ஒழுங்கும் குல ஒழுங்கும் இவ்வாறு ஒரே கயிறாக முறுக்கப்பட்டபின், விசுவாசத்தை விட்டு விலகுதல் என்பது கோட்பாட்டு மாற்றமாக மட்டும் நிற்க முடியாது. பெண் கொடுப்பாரும் எடுப்பாரும் இல்லை; கல்லறையில் இடமில்லை; கடலில் கயிறு பிடிக்க ஆளில்லை. ‘பதிதன்’ என்னும் சொல்லின் இரு பொருளும் ஒருவன்மேல் ஒருசேர விழும். கூட்டாக உள்ளே வந்தோர்க்குத் தனியாக வெளியே செல்லும் வாயில் அமைக்கப்படவே இல்லை.

குருக்களோடு பிணக்கு இல்லாமற்போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோவா பதுரவாதோக் குருக்களுக்கும் ரோமையினின்று அனுப்பப்பட்ட குருக்களுக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட பூசலில் பரதவரும் கட்சி பிரிந்து நின்றனர். அக்காலத்தில் உள்நாட்டுத் தேரிப் பகுதிகளில் நம் சபைகள் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தன. முதலூர் 1799இல் தோன்றியது. கால்டுவெல் 1841 முதல், கடலுக்குச் சில கல் தொலைவிலுள்ள இடையன்குடியில் வாழ்ந்தார். இருந்தும் பரதவர் கூட்டமாக நம் பக்கம் திரும்பவில்லை. ஒரு குருவை வெறுத்தால் வேறொரு குருவைத் தேடினார்களேயன்றி வேறொரு சபையைத் தேடவில்லை.

கத்தோலிக்கரின் நோக்கை அறிவாதமாக வடித்துத் தந்தவர் வீரமாமுனிவர். ‘வேத விளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகிய நூல்கள் தரங்கம்பாடியாரை எதிர்த்து எழுந்தவை. அப்போஸ்தலர் வழிவந்த தொடர்ச்சி இல்லாத புதுமை என்பதும், ஒரே தலைமையின்றிப் பலவாய்ப் பிளப்பது என்பதும் அவர் நம்மேல் சுமத்தும் குற்றங்கள். தரங்கம்பாடி வேதாகமத்தின் தமிழ்நடையையும் அவர் எள்ளி நகையாடுகிறார்; அந்நடையைப் படித்தோர் அவரை முற்றிலும் குறை கூற மாட்டார்கள். எனினும் அக்கரடுமுரடான தமிழே ஒருவருடைய உள்ளத்தைத் திறந்தது. தஞ்சை மன்னர் படையில் பணியாற்றிய கத்தோலிக்கரான இராசநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூலைப் படித்து, 1720களில் லுத்தரன் சபையில் சேர்ந்து உபதேசியாரானார். உறவினராலும் பழைய சபையினராலும் அவர் பட்ட துன்பம் சிறிதன்று. கயிற்றை அறுத்துக்கொண்டு தனியாய் வெளியேறிய மனிதன் அவர். முத்துக்குளித்துறையில் அத்தகைய வரலாறு எழாததற்குக் காரணம், அங்கே மனச்சான்று இல்லாமை அன்று. தனியே நிற்கத் தரை இல்லாமையே.

நம்மிடம் அத்தரை இருந்ததா என்பதும் கேட்கப்பட வேண்டும். நாசரேத்துக்கு அருகில் சட்டம்பிள்ளை 1857இல் மிஷனை விட்டு விலகித் தனிச் சபை கண்டபோது, மிஷனரிமாரும் அவர்களைச் சார்ந்தோரும் அவரைப் பற்றி எழுதியவை, ‘பதிதர்’ என்னும் சொல்லைவிட மென்மையானவை அல்ல.

சொல் மாறியபின்

1964 நவம்பர் 21ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு, பிரிந்த சபைகளில் பிறந்து வளர்ந்தோர்மேல் பிரிவினையின் பாவத்தைச் சுமத்தலாகாது என்றும், அவர்களைச் சகோதரராக ஏற்க வேண்டும் என்றும் கூறிற்று. ‘பதிதர்’ மறைந்து ‘பிரிந்த சகோதரர்’ வந்தது இதன் விளைவு. நம்மவர் பலர் இதனை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுவர். அதே நாளில் வெளியான திருச்சபை பற்றிய ஏட்டை அந்த அளவுக்குக் காட்டுவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை மீட்புக்கு இன்றியமையாதது எனக் கிறிஸ்துவால் ஏற்படுத்தப்பட்டது என்பதை அறிந்திருந்தும் அதில் நுழையவோ நிலைத்திருக்கவோ மறுப்போர் மீட்புப் பெற இயலாது என்று அது சொல்லுகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும், விசுவாசத்தைக் கைவிடுவோர்க்கும் பிரிவினை செய்வோர்க்கும் சபைவிலக்கு விதிக்கிறது. அதாவது வெளியே பிறந்தவனைப் பற்றிய நோக்கு மாறியுள்ளது. உள்ளிருந்து வெளியேறுகிறவனைப் பற்றிய நோக்கு அவ்வளவாக மாறவில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் ஒன்றிப்புக் கூட்டங்களில் பேசுவோர் பின்னர் ஏமாற்றமடைகின்றனர்.

1582இல் அர்ச்சிக்கப்பட்ட பனிமய மாதா கோயிலின் நானூறாம் ஆண்டாகிய 1982இல், அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. டச்சுக்காரர் 1750இல் கட்டிய ஆலயம் பின்னர் ஆங்கிலிக்கன் சபையின் கைக்கு வந்து, இன்று தென்னிந்தியத் திருச்சபைக்கு உரியதாய் நிற்கிறது. இன்று கடற்கரை ஊர்களில் கத்தோலிக்கச் சபையை விட்டு விலகுவோர் பெரும்பாலும் நம்மிடம் வருவதில்லை; பெந்தெகொஸ்தே சபைகளுக்கே செல்லுகின்றனர். அங்குச் சென்றவர் இறந்தால் எந்தக் கல்லறையில் அடக்குவது என்னும் கேள்வி எழுகிறது. பங்குக் குருவானவர் தம் ஊர்க் கமிட்டியைக் கைகாட்டுவார். கமிட்டியார் குருவானவரைக் கைகாட்டுவர். தேரிப் பக்கத்து நம் சேகரங்கள் சிலவற்றிலும் இதே கேள்வி வந்ததுண்டு. அங்கே போதகரும் கமிட்டியும் அவ்வண்ணமே ஒருவரையொருவர் கைகாட்டினர்.