திருமுகமும் வானலை முகவரியும்

ஹாம் எனும் அமெச்சூர் வானொலியில் செய்தியைப் பொதிகளாக்கி அனுப்பும் பக்கெட் முறை பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். கடுகண்ணாவையின் டோசன் கோபுரமும், 1832இன் தபால் வண்டியும், 1867இல் கண்டியை எட்டிய புகையிரதமும் நம்மூரார் அறிந்தவை. ஆதலால் நேரே பக்கெட் முறையின் விலாசத்துக்கு வருகிறேன்.

பதினோராந் திருமுறையின் முதற் பாடல் ஒரு கடிதம். ஆலவாய்ப் பெருமான் சேரமான் பெருமாளுக்கு விடுத்த திருமுகப்பாசுரம் அது. விடுத்தவன் உறையும் தலம் முதலில். பெறுவோன் பெருமை அடுத்து. கொண்டுவரும் பாணபத்திரன் யாரென்பது பின்னர். அவனுக்குப் பொருள் ஈந்து வரவிடுக என்னும் ஆணை இறுதியில். இறைவன் திருமுகத்துக்கும் விலாசம் வேண்டியிருந்தது!

திருக்குறளில் தூது 69ஆம் அதிகாரம். அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், தானே வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் எனத் தூதரை இருவகைப்படுத்தி, வடநூலார் ஓலை கொடுத்து நிற்பானையும் கூட்டுவர் என்பார். பக்கெட் நிலையங்கள் இம்மூன்றாம் வகையின. ஓலையின் பொருளை அவை ஆராய்வதில்லை. ஆகவே வழி காட்டும் பொறுப்பு விலாசத்தையே சாரும்.

பக்கெட் முறைக்குரிய ஏஎக்ஸ்.25 நெறிமுறையின், 1984இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், பொதியின் தலைப்பில் பெறுநரின் அழைப்புக்குறி முன்னும் அனுப்புநரின் குறி பின்னும் நிற்கும். குறிக்கு ஆறு எழுத்துகளே இடம். ஒருவரே பல நிலையங்கள் நடத்தினால் 0 முதல் 15 வரை ஓர் எண் பிரித்துக் காட்டும். அடுத்து, இடைநின்று மறுஒலிபரப்பும் நிலையங்கள் எட்டு வரை வரிசையாகக் குறிக்கப்படலாம். பொதியைக் கடத்திய ஒவ்வொன்றும் தன் குறியருகே அடையாளமிடும். மலை மறைக்கும் நம் நாட்டுப்புறங்களில் இந்த இடைநிலையங்களின்றி மிகையதிர்வெண் அலை பள்ளத்தாக்கைத் தாண்டாது. தூதன் பெயரும் திருமுகத்தில் இடம்பெற்ற தமிழ் மரபை எண்ணி மனம் நெகிழ்கிறது.

கடல் கடந்த கடிதத்துக்கு, மடலைச் சேமித்துக் கடத்தும் அஞ்சற்பெட்டி நிலையங்கள் உண்டு. பெறுநர் குறி, அவரது பெட்டி நிலையம், ஹாஷ் குறியிட்ட வட்டாரம், மூன்றெழுத்து நாட்டுக்குறி, கண்டம் என விலாசம் விரியும். இலங்கைக்கு நாட்டுக்குறி எல்கேஏ. பெட்டியை அறிந்த நிலையம் அதற்கே அனுப்பும். அறியாதது வட்டாரத்தைப் பார்க்கும். அதுவும் தெரியாவிட்டால் நாட்டையும் கண்டத்தையும் நோக்கி நகர்த்தும். அயல்நாட்டு நிலையம் கடுகண்ணாவையை அறிய வேண்டியதில்லை, இலங்கைத் திசையை அறிந்தாற் போதும். பொது அறிவிப்புகளுக்குத் தனி அடையாளக்குறி உண்டு. ஒருமுறை பெற்ற நிலையம் அதே அறிவிப்பை மறுபடி ஏற்காது. அளவறிந்த இந்த ஒழுங்கை நான் பெரிதும் மதிக்கிறேன்.

2004 ஆழிப்பேரலையில் அம்பாந்தோட்டைத் தொடர்பு அறுந்தபோது, நம் நாட்டு ஹாம்கள் சிற்றலைக் கருவிகளோடு அங்கு சென்று கொழும்புக்குச் செய்தி சேர்த்தனர். அன்று பேசியது குரல். நீண்ட பெயர்ப்பட்டியலைப் பிழையின்றி அனுப்பப் பக்கெட் முறை உகந்தது. மண்சரிவு அஞ்சும் இம்மலைச்சாரலின் தமிழ் மாணவர்களே, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் ஹாம் பரீட்சைக்கு இப்போதே படியுங்கள். அனுமதிப்பத்திரம் பெற்று, கணவாயின் இருபுறமும் ஒவ்வொரு நிலையம் அமையுங்கள்.