உயரம் அறிவை மங்கச் செய்யுமா? பார்க்ராஃப்ட் கூற்றும் அகத்தியமலைச் சான்றும்

உயர்ந்த மலைகளில் வாழும் மனிதர் எல்லோரும் உடல் வலுவிலும் மன வலுவிலும் குறைபட்டவர்களே என்று கேம்பிரிட்ஜ் உடலியலாளர் ஜோசப் பார்க்ராஃப்ட் 1925-இல் எழுதினார். ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தக் கூற்றை ஆய்வுலகம் பெருமளவு கைவிட்டுவிட்டாலும், அதன் அடியில் கிடக்கும் பிழை இன்னும் நீங்கவில்லை. உயரத்தை மட்டும் அளந்து, அங்கே ஒருவர் எத்தனை நாள் இருந்தார், எவ்வளவு வேகமாக ஏறினார் என்பதை விட்டுவிடுவதே அந்தப் பிழை. பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய கேரள எல்லை ஊர்களிலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பார்க்ராஃப்ட் சாதாரண ஆள் அல்லர். 1920-இல் கண்ணாடி அறை ஒன்றில் தம்மையே அடைத்துக்கொண்டு, உயிர்வளி நாளுக்கு நாள் குறைய ஆறு நாள் இருந்தவர். 1921-22 குளிர்காலத்தில் ஆங்கில, அமெரிக்க ஆய்வாளர்களுடன் பெருவின் செரோ தே பாஸ்கோவுக்குச் சென்றார். 4,330 மீட்டர் உயரத்திலுள்ள சுரங்க ஊர் அது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ரயில் பெட்டி ஒன்றையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு குருதியையும் மூச்சையும் அளந்தார்கள். அளவுகள் நேர்த்தியானவை, அவற்றில் எனக்குக் குறை ஏதும் இல்லை.

குறை முடிவில் இருக்கிறது. சில வாரங்களே தங்கிய ஒரு குழு, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் மக்களின் மனத்திறனை எடைபோட்டுவிட்டது. முதுகில் கனிமச் சுமையுடன் சுரங்கத்திலிருந்து ஏறிவரும் ஆண்டியத் தொழிலாளர்களைப் பார்க்ராஃப்டே வியந்து குறித்திருக்கிறார். அந்தச் சான்று அவர் கண்முன் நின்றும் முடிவை அசைக்கவில்லை. பெரு மருத்துவர் கார்லோஸ் மோங்கே இதற்குத் தந்த மறுமொழி கடுமையானது: பார்க்ராஃப்ட் தாமே மலைநோயின் பிடியில் இருந்தார், அதை அவர் உணரவில்லை என்றார். மந்தப்பட்ட மூளை தன் மந்தத்தைத் தானே அறியாது என்பது உயர்மலை மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். 1875-இல் ‘செனித்’ பலூனில் 8,000 மீட்டரைத் தாண்டிய மூவரில் இருவர் இறந்தார்கள். பிழைத்த தீசாந்தியே, அந்த உயரத்தில் அச்சமே இல்லை, மகிழ்ச்சிதான் இருந்தது என்று பின்னர் எழுதினார்.

ஆனால் மோங்கேயை முழுமையாகப் பின்பற்றவும் என்னால் இயலவில்லை. ஆண்டிய மக்களின் தகவமைவை நாட்டுப்பற்றோடு முன்வைத்தவர் அவர். அதே மோங்கேதான், நெடுங்காலம் உயரத்தில் வாழ்ந்த சிலருக்குக் குருதி தடித்து, தலைவலியும் மந்தமும் பற்றிக்கொள்வதை 1928-இல் விவரித்தார்; கீழே இறங்கினால் நோய் தணியும் என்றும் காட்டினார். ஆகவே பார்க்ராஃப்ட் கண்டதில் ஒரு பகுதி உண்மை. அதை எல்லோர் மேலும் ஏற்றியதே தவறு.

இனி நம் மலைக்கு வருவோம். நெய்யாறு பிறக்கும் அகத்தியமலை, நெய்யாற்றின்கரை வட்டத்து மக்கள் வானிலை பார்த்துப் பழகிய மலை. மழைவிட்ட காலையில் பாறசாலையின் மேட்டு நிலங்களிலிருந்து வடகிழக்கே அதன் கூம்பு தெரியும். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் நிறுவினார். 1852-இல் அதன் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன், 1855-இல் இந்தச் சிகரத்திலும் ஒரு காந்த ஆய்வுநிலையம் அமைத்தார். இரு நிலையங்களின் அளவுகளும் 1874-இல் ஒரே நூலாக வெளிவந்தன.

அதன் தலைப்புப் பக்கத்தில் திருவனந்தபுரம் ‘ட்ரெவாண்ட்ரம்’ என்றும் மலை ‘அகஸ்டியா மல்லி’ என்றும் அச்சாகியிருக்கின்றன. உயரம் ஏறத்தாழ 6,200 அடி என்கிறார் பிரௌன். இன்றைய கணக்கு 1,868 மீட்டர், அதாவது 6,129 அடி. எழுபது அடி வேறுபாட்டை நான் பிழையென்று தள்ளவில்லை. அழுத்தமானியைக் கொண்டு உயரம் கணிக்கும் காலத்தில் முழு எண்ணாக்கிச் சொல்வது வழக்கம். என்னை நிறுத்தியது வேறொன்று. மேலும் கீழும் எடுத்த அளவுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுவதுதான் அந்த மலைநிலையத்தின் நோக்கம். மேலிருந்த உதவியாளர்கள் குளிரிலும் மழையிலும் ஊசியின் நுண் அசைவை வாசித்து எழுதினார்கள். அவர்கள் மூளை மந்தப்பட்டிருந்தால் அந்த ஒப்பீட்டுக்கே பொருளில்லை.

இது மெல்லிய சான்று, நான் அறிவேன். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 விழுக்காடு. நலமுள்ளவர் அங்கே சிந்தனை தடுமாறுவது அரிது. ஆனாலும் இதை வலியுறுத்துகிறேன். உயரத்துக்கும் மந்தத்துக்கும் இடையில் நேர்க்கோடு போட்ட பார்க்ராஃப்டின் வாசிப்பு, ஒரு வரம்பு உயரம் உண்டு என்பதை மறந்தது. அந்த வரம்புக்குக் கீழே மனிதர் கவனமாக வேலை செய்தார்கள் என்பதற்கு நம் ஊர் மலையே ஆவணம் தருகிறது.

இதற்கு எதிர்த்திசையில் வேறொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு: மலை அறிவைக் கூர்மையாக்கும் என்பது. தமிழ் இலக்கணம் தந்த அகத்தியர், இம்மலையாகக் கருதப்படும் பொதியிலில் உறைகிறார் என்ற மரபு அதற்குத் துணை. சங்கப் பாடல்களில் பொதியில் பெரிதும் ஆய் வேளின் மலை. அகத்தியரைச் சங்கத்தோடு சேர்த்து விரிவாகச் சொல்வது இறையனார் களவியல் உரை; அதன் காலமோ அறிஞர்களிடையே தீராத வழக்கு. எனவே மலையும் அறிவும் எந்த நூற்றாண்டில் பிணைந்தன என்று நான் தேதி குறிக்க மாட்டேன். 1987-இல் இம்மலைக் காட்டில் களைத்துத் தளர்ந்த ஆய்வாளர்கள், வழிகாட்டிய காணி மக்கள் சோர்வின்றி நடப்பதன் காரணத்தை அவர்கள் மென்ற ஆரோக்கியப்பச்சைக் காயில் கண்டார்கள். மலையின் கொடை என்று நினைப்பதற்குப் பின்னே சில வேளை ஒரு செடி இருக்கிறது.

உண்மையான சோதனை இந்தியாவில் 1962 சீனப் போருக்குப் பின் வந்தது. சமவெளிப் படைகளை விரைந்து இமயத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. இந்தர் சிங்கும் குழுவினரும் 1,925 படைவீரர்களின் மலைநோயை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் அடித்தளம். அவர்கள் இருந்த உயரம் 11,000 முதல் 18,000 அடி வரை. அறிகுறிகள் ஏறியவுடன் அல்ல, 6 முதல் 96 மணி நேரம் கழித்தே தலைகாட்டின. அந்த இடைவெளிதான் என் வாதத்தின் ஆணிவேர். உயரம் அப்படியே இருக்கிறது, காலம்தான் மாறுகிறது. 1975-இல் ஷர்மா, மல்ஹோத்ரா, பாஸ்கரன் மூவரும் 4,000 மீட்டரில் நீண்ட நாள் தங்கிய படைவீரர்களின் கண்-கை ஒத்திசைவைத் தொடர்ந்து அளந்தார்கள். முதலில் சரிந்த திறன் நாள்பட ஓரளவு மீண்டது.

களியக்காவிளைக்கு அப்பால் ஒரு வீட்டுத் திண்ணையில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். விமானத்தில் லே சென்று இறங்கியவர் அவர். கடலோரத்து ஊரிலிருந்து 3,500 மீட்டர்! இரண்டாம் நாள் கம்பளிகளை எண்ணச் சொன்னார்களாம். மும்முறை எண்ணினார், மூன்றும் வேறு வேறு. “தல மந்திச்சுப் போச்சு மக்கா. ஆனா எனக்கு அப்ப ஒண்ணும் தெரியல்ல, கணக்கு சரின்னுதான் நெனச்சேன்” என்றார். வாரம் கழிந்தபின் எண்ணிக்கை தவறவில்லை. ஒருவர் சொல்வது சான்றாகாது. பார்க்ராஃப்டின் குழுவும் தன்னைத்தானே அளந்த குழுதான் என்பதை நினைவில் வைத்தே இதை எழுதுகிறேன்.

தலைமுறைகளாக உயரத்தில் வாழ்வோரின் சிந்தனைத் திறன் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. சிறார் ஆய்வுகளில் தென்படும் சிறு வேறுபாடுகள் உயிர்வளியால் வந்தவையா, ஊட்டத்தாலும் வறுமையாலும் வந்தவையா என்று பிரித்தெடுப்பது கடினம். பார்க்ராஃப்ட் செரோவில் அந்தப் பிரிப்பை முயலவில்லை. சுரங்கத்தில் சுமை தூக்கிய மக்களின் உணவையும் கூலியையும் அவர் அளந்திருந்தால், முடிவை வேறு விதமாக எழுதியிருக்கக்கூடும்.