குடிலில் வீடு இல்லை

டிசம்பர் பிறந்துவிட்டால் ராயபுரம், காசிமேட்டுத் தெருக்களில் வாசலுக்கு வாசல் ஸ்டார் தொங்குகிறது, சீரியல் செட் மினுக்குகிறது, உள்ளே கிறிஸ்துமஸ் குடில் எழுகிறது. கூடவே ஒரு பிழையான சொல்விளக்கமும் தவறாமல் வந்துவிடுகிறது: ‘குடில்’ வடமொழிக் ‘குடீர’த்தின் திரிபாம். இதை மறுக்கப் புறப்படும் தமிழன்பர்களோ குடி + இல் = குடில் என்று பிரித்து, இன்னொரு பிழையைச் செய்கிறார்கள்.

பின்னதை முதலில் தீர்த்துவிடலாம். குடியும் இல்லும் புணர்ந்தால் யகர உடம்படுமெய் தோன்றிக் ‘குடியில்’ என்றாகும். நன்னூல் படித்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடிலில் உள்ள ‘இல்’ விகுதி. சான்று காசிமேட்டுக்காரர் கையிலேயே இருக்கிறது: தூண்டு, தூண்டில்.

முன்னதற்குப் போகுமுன் குடிலையே பார்ப்போம். லூக்கா நற்செய்தியில் குடில் என்ற பேச்சே கிடையாது. குழந்தையைக் கிடத்திய இடம் மட்டுமே அங்கே உண்டு. அதைக் கத்தோலிக்கர் ‘தீவனத்தொட்டி’ என்கிறார்கள். சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு ‘முன்னணை’ என்கிறது. மாட்டின் முன்னே தீனி சிதறாமல் அணைத்து நிற்பது முன்னணை. எவ்வளவு அருமையான சொல்! குடில் என்ற காட்சி 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திப் பிரான்சிஸ் அசிசியார் அமைத்ததிலிருந்து பரவியது.

வடசென்னை வீட்டில் அது உருவாகும் விதத்தைப் பார்த்தால் சொல்லும் விளங்கும். மூங்கிலைப் பிளந்து, சிலாம்பு சீவி, வளைத்து, சணலால் கட்டுகிறார்கள். மேலே வைக்கோலோ தென்னோலையோ வேய்கிறார்கள். பழைய சாக்கைக் கஞ்சியில் நனைத்துப் போர்த்தினால் காய்ந்ததும் பாறை தயார். தட்டில் விதைத்த கேழ்வரகு முளைத்தால் அதுவே புல்வெளி. ஃபிட்டரும் வெல்டரும் நிறைந்த இந்தப் பகுதியில், ஷிஃப்ட் முடிந்து வந்தவர் சின்ன மோட்டார் பூட்டி அருவி ஓடவிடுவதும் உண்டு. சுரூபங்கள் முன்பே வந்துவிடும். பாலன் மட்டும் 24ஆம் தேதி நள்ளிரவில்தான். கூரை எப்போதும் தாழ்ந்தே இருக்கும், குனிந்துதான் உள்ளே பார்க்க வேண்டும்.

அந்த வளைவுதான் வேர். குடம், குடங்கை, குனிந்து வணங்குவதைக் குறிக்கும் திருமுருகாற்றுப்படையின் ‘குடந்தம்’, பறவை விட்டுப் பறக்கும் குறளின் ‘குடம்பை’ எல்லாமே வளைந்தவை. குடி, குடிகை, குடிசை, குடிசல், குடில் ஆகியவற்றையும் பாவாணர் இந்த வளைவிலிருந்தே கொண்டுவந்தார். பட்டினப்பாலை, பரதவர் இருப்பைத் தாழ்ந்த கூரையோடு சேர்த்துக் ‘குடி’ என்கிறது. கூரையிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து குலத்துக்கும் இச்சொல் விரிந்தது. வள்ளுவர் குடிமை, குடிசெயல்வகை என்று இரண்டு அதிகாரம் வைக்கும் அளவுக்கு. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘குடி’ என்றால் கோயில்.

ராயபுரத்துக்கும் இப்படி ஒரு தவறான விளக்கம் உலவுகிறது. யாரோ ஒரு ராயர் பெயராம். படகோட்டிகள் எழுப்பிய புனித ராயப்பர் ஆலயம் அங்கேயே நிற்கும்போது ராயரைத் தேடுவானேன்? ராயப்பர் என்பவர் பேதுருதான். பேதுரு என்றால் பாறை. தெலுங்கில் ‘ராயி’ என்றால் கல். ராயப்பர் பிறந்தது அப்படித்தான்.

அந்த ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்த அதே 1856இல் வெளிவந்தது கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். சமஸ்கிருதம் திராவிடத்திடம் பெற்றதாக அவர் கருதிய சொற்களில் ‘குடி’யும் ஒன்று. பரோ, எமனோ அகராதியும் அதைத் திராவிடச் சொல்லாகவே வைத்திருக்கிறது. வடமொழியாருக்கு எஞ்சியிருப்பது வளைதற்பொருள் தரும் ‘குட்’ என்ற தாது. அதற்குக் கிரேக்கத்திலோ இலத்தீனிலோ உறுதியான உறவுச்சொல் காட்டப்படவில்லை. தமிழிலோ குடமும் குடங்கையும் குடம்பையும் வரிசையாக நிற்கின்றன. ஆகவே குடில் தமிழ். குடீரம் இங்கிருந்து போனது.