தோத்தா வீட்டுக்கு: ஃபெடரேஷன் கோப்பையும் அது விட்டுப்போன பாடமும்

1/
எங்க ஆதிச்சநல்லூர்ல இருந்து கிழக்கே போனா கடற்கரை ஊர்கள். திருவிழா வந்தா அங்கே நாக்-அவுட் கால்பந்துப் போட்டியும் வரும். லீக்ல ஒரு நாள் சொதப்பினா அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம். நாக்-அவுட்ல அது கிடையாது. தோத்தா பையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த முறை எங்கிருந்து வந்துச்சு, இந்தியாவில் என்ன ஆச்சு, ஒரு டாக்டரா எனக்கு இதில் என்ன வேலை? பார்க்கலாம் வாங்க.

2/
தொடக்கம் இங்கிலாந்து. 1871ல் அந்நாட்டுக் கால்பந்து சங்கம் எஃப்ஏ கோப்பையை அறிவித்தது. பெயர் கொடுத்தவை 15 அணிகள். 1872 மார்ச் 16 அன்று நடந்த முதல் இறுதிப் போட்டியில் வாண்டரர்ஸ் அணி, ராயல் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவ அணியை 1-0 என்று வென்றது. ஆட்டம் நடந்ததோ லண்டன் ஓவல் கிரிக்கெட் மைதானத்தில்!

3/
16 வருஷத்தில் அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1888, சிம்லா. ஆரம்பித்து வைத்தவர் மார்டிமர் டூராண்ட். ஆமாங்க, பின்னாளில் ஆப்கானிஸ்தான் எல்லையில் 'டூராண்ட் கோடு' போட்டாரே, அதே ஆள்தான். முதலில் அது பிரிட்டிஷ் ராணுவ அணிகளுக்கான போட்டி. ஒரு இந்திய அணி அதை ஜெயிக்க 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெயித்தது முகமதன் ஸ்போர்ட்டிங்.

4/
அதற்கு முன்பே கல்கத்தாவில் ஒரு சம்பவம். 1911 ஜூலை 29, ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப் போட்டி. பூட்ஸ் போட்ட ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை, ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் 2-1 என்று தோற்கடித்தது. லீக்ல இது நடந்திருந்தா ஒரு ஆட்டக் கணக்கோடு போயிருக்கும். நாக்-அவுட் என்பதால் கோப்பையே கைக்கு வந்தது, வரலாறாவும் ஆச்சு.

5/
இவை எல்லாம் பழைய கோப்பைகள். இந்தியா முழுக்க உள்ள கிளப்புகளுக்காக அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமே தொடங்கியது ஃபெடரேஷன் கோப்பை. 1977, எர்ணாகுளம். பெரிய அணிதான் தூக்கும்னு எல்லாரும் நினைத்திருக்க, பெங்களூர் ஐடிஐ, அதாவது டெலிபோன் செய்யும் அரசு தொழிற்சாலையின் அணி, இறுதிப் போட்டியில் மோகன் பகானை 1-0 என்று வென்றது.

6/
தேசிய லீக் தொடங்கியதே 1996ல்தான். அதுவரைக்கும் இந்தியாவின் சிறந்த கிளப் யார்னு கேட்டா இந்தக் கோப்பையைத்தான் காட்டுவாங்க. 1990லும் 1991லும் அதைத் தூக்கியது கேரள போலீஸ். வி.பி.சத்யன், ஐ.எம்.விஜயன் ஆடிய அணி அது. சத்யன் பிறகு சென்னை இந்தியன் வங்கி அணிக்கு வந்தவர்.

1997 அரையிறுதியில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை 4-1 என்று வென்றது. பாய்ச்சுங் பூட்டியா மூணு கோல். அன்று சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேர். மறுபடி படிங்க, ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம்!

7/
இனி நான் சொல்ல வந்த விஷயம்.

2004 டிசம்பர் 5, பெங்களூர். இறுதிப் போட்டியில் கோவாவின் டெம்போவும் மோகன் பகானும். டெம்போவின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், வயசு 25. இரண்டு கோலும் அவருடையது. இரண்டாவது கோல் அடிக்கும்போது கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. டெம்போ 2-0 என்று கோப்பையை வென்றது. வென்று கொடுத்தவர் உயிரோடு இல்லை. அவருடைய 10ஆம் எண் சட்டையை டெம்போ அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

8/
மோதல் ஒன்று, இதயம் நிற்பது இன்னொன்று. திடகாத்திரமான இளைஞனுக்கும் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, அது துடிக்காமல் வெறுமனே நடுங்கலாம். பிறவியிலேயே இதயத் தசையில் இருக்கும் கோளாறு காரணமாகலாம். சரியாத் தப்பான ஒரு நொடியில் நெஞ்சில் விழும் அடியும் காரணமாகலாம். அந்த நிலையில் சிபிஆரும் மின் அதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கும். பத்து நிமிஷம் போனால் என்ன மிச்சம்னு நீங்களே கணக்குப் போடுங்க.

9/
இப்போ இன்னொரு ஆட்டம். 2012 மார்ச் 17, லண்டன், எஃப்ஏ கோப்பை காலிறுதி. போல்டன் வீரர் ஃபேப்ரிஸ் முவாம்பா யாரும் இடிக்காமலே சுருண்டு விழுந்தார். மைதானத்திலேயே சிபிஆர், மின் அதிர்ச்சி. பார்வையாளர் வரிசையில் இருந்த ஓர் இதய நோய் நிபுணரும் இறங்கி ஓடி வந்தார். மொத்தம் 15 ஷாக். 78 நிமிஷம் அவர் இதயம் தானாகத் துடிக்கவில்லை. ஆனாலும் மனுஷன் பிழைத்தார்! விழுந்த நொடியிலிருந்து யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

10/
ஃபெடரேஷன் கோப்பை 2017ல் கட்டக்கில் முடிந்தது. கடைசியாக வென்றது பெங்களூரு எஃப்சி. மறு வருஷமே சூப்பர் கோப்பை வந்தது. போட்டிக்குப் பெயர் மாறிவிட்டது. மைதானத்தில் நம்ம பழக்கம் மாறிச்சா?

11/
நம்ம ஊர்ப் போட்டிகளில் மைக் செட் இருக்கு, பரிசளிப்பு மேடை இருக்கு, ஆள் உயரக் கோப்பை இருக்கு. ஒரு பையன் விழுந்தா? முகத்தில் சோடா அடிப்போம். லேசாக வெட்டி இழுத்தா வலிப்புன்னு கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம். இதயம் நிற்கும்போதும் அப்படி வெட்டி இழுக்கும். வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிப்பதும் நல்ல மூச்சு கிடையாது. அதைப் பார்த்து ஏமாறாதீங்க.

12/
போட்டி நடத்தும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்:

▪ விழுந்தவர் கூப்பிட்டும் அசையலையா, சரியா மூச்சு விடலையா? ஒருத்தர் உடனே 108க்குப் போன் போடுங்க.
▪ இன்னொருத்தர் நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையை வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், நிமிஷத்துக்கு 100-120 முறை அழுத்துங்க. கை ஓய்ந்தால் ஆள் மாத்துங்க, அழுத்துவதை நிறுத்தாதீங்க.
▪ ஏஇடி எனும் ஷாக் கருவி பக்கத்தில் எங்கே இருக்குன்னு போட்டிக்கு முன்னாடியே விசாரிச்சு வைங்க. அது குரல் கொடுத்தே வழி சொல்லும், டாக்டர்தான் இயக்கணும்னு இல்லை.
▪ ஓடும்போது மயங்கி விழுந்த பையனையோ, வீட்டில் யாராவது சின்ன வயசிலேயே திடீர்னு இறந்த பையனையோ ஈசிஜி, எக்கோ பார்க்காமல் இறக்காதீங்க.

கேப்டன், கோல்கீப்பர், நடுவர் மூணு பேராவது சிபிஆர் கத்துக்கிட்டு இறங்கட்டும். அரைநாள் பயிற்சி போதும்.

தோத்த அணி வீட்டுக்குப் போகட்டும், ஜெயிச்ச அணியும் முழுசா வீட்டுக்குப் போகணும்.

உங்க ஊர் டீம் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டு விடுங்க.