ஆடிக்ஸ், பார்க்கர் அணைகள்
அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹியூஸ்டன் நகருக்கு மேற்கே அமைந்த இரட்டை மண் அணைகள். வகையில் இவை வெள்ளத் தடுப்பு அணைகள். மழையற்ற நாட்களில் நீர்த்தேக்கங்கள் வறண்டே கிடக்கும்.

1929, 1935 ஆண்டுகளின் பெருவெள்ளங்களுக்குப் பின், பஃபலோ பேயூ ஆற்றுவழியே நகருக்குள் வெள்ளம் புகாதிருக்க அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இவற்றைக் கட்டியது. பார்க்கர் 1945இலும் ஆடிக்ஸ் 1948இலும் நிறைவடைந்தன. தொடக்கத்தில் ஒவ்வோர் அணையிலும் இருந்த ஐந்து வெளியேற்றுக் குழாய்களில் நான்குக்கு மதகுக் கதவுகள் இல்லை. 1960களில் அனைத்தும் கதவு பெற்றன.

இவ்வணைகளின் முதுமையால் வந்த முதன்மைக் கேடு, வெளியேற்றுக் குழாய்களைச் சுற்றிய நீர்க்கசிவு. கசிவு மண்ணை அரித்து உள்ளே வெற்றிடங்களை உண்டாக்கும். மண் அணைக்கு இதனினும் கொடிய நோய் அரிது. இக்கசிவாலும், கீழே பெருநகரம் இருப்பதாலும் 2009இல் இவை மிக உயர் இடர் வகையில் சேர்க்கப்பட்டன. பின்னர் புதிய வெளியேற்று அமைப்புகள் கட்டப்பட்டன.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல்மழையால் நீர்மட்டம் வரலாறு காணாத அளவுக்கு உயர்ந்தது. அணைகள் உடையவில்லை. ஆயினும் தேக்கப் பரப்பின் விளிம்பில் அனுமதிக்கப்பட்டிருந்த குடியிருப்புகள் தேங்கிய நீரிலும், ஆற்றோர வீடுகள் திறந்துவிட்ட நீரிலும் மூழ்கின. அணைகளின் மேற்பகுதியில், தேக்க விளிம்பில் இருந்த வீடுகளின் சேதத்துக்கு அரசே பொறுப்பு என 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.