தமிழ்நாட்டுப் பள்ளிச் சீருடை: சமத்துவ நோக்கும் அதன் எல்லைகளும்

முன்னுரை

மாணவரின் உடை அவர்தம் குடும்பத்தின் பொருள்நிலையை வகுப்பறையில் வெளிப்படுத்திவிடுகிறது. அவ்வேறுபாட்டை மறைக்கும் கருவியாகவே சீருடை முன்வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்நோக்கம் எவ்வளவு நிறைவேறியது என்பதை அரசுப் பள்ளிச் சீருடையின் வரலாற்றுவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கொடையாகச் சீருடை

காமராசர் ஆட்சிக்காலத்தில் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதனையடுத்து, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் வழியாக ஊர்மக்கள் பள்ளிகளுக்குக் கட்டடம், தளவாடங்கள் முதலியவற்றோடு சீருடையும் வழங்கினர். ஆயினும் கொடை என்பது ஊரின் வசதியையும் மனத்தையும் சார்ந்தது. மாணவர் கோரிப் பெறும் உரிமையாக அது அமையவில்லை.

அரசுத் திட்டமாகச் சீருடை

எம்.ஜி.ஆர். அரசு 1982இல் சத்துணவுத் திட்டத்தையும் 1985இல் இலவசச் சீருடைத் திட்டத்தையும் தொடங்கியது. துணி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்து பெறப்பட்டு, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்படுகிறது. எனினும் சத்துணவு உண்ணும் மாணவர்க்கே சீருடை என்ற வரையறை, ஒரே நிற உடைக்குள்ளும் பெறுவோர், வாங்குவோர் என்ற பிரிவை உள்ளடக்கியிருந்தது.

2012-13இல் ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகள் என உயர்த்தப்பட்டது. இது வெறும் எண்ணிக்கை மாற்றமன்று. ஓரிரு இணைகளையே மீண்டும் மீண்டும் துவைத்து உடுத்தும்போது துணி வெளுத்துக் கிழியும். வறுமையை மறைக்க வேண்டிய உடையே வறுமையைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே சமத்துவம் சீருடையின் நிறத்தில் மட்டுமன்றி அதன் போதுமான அளவிலும் தங்கியுள்ளது.

சீருடைக்கு வெளியே சாதி

பொருள்நிலை வேறுபாட்டை ஓரளவு மறைத்த சீருடையால் சாதியை மறைக்க இயலவில்லை. தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகள் சாதி அடையாளங்களாயின. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024இல் அளித்த அறிக்கையில் அக்குழு இத்தகைய கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. உடை முழுவதும் ஒன்றானபோது, ஒரு விரலளவுக் கயிறே வேறுபாட்டைச் சொல்லப் போதுமானதாயிற்று.

முடிவுரை

கொடையாக வந்த சீருடை அரசின் கடமையாக வளர்ந்தது தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் குறிப்பிடத்தக்க மாற்றமாகும். ஏழை மாணவர் உடையின்மையால் கூசி நிற்கும் நிலையை அது குறைத்தது. ஆயின், சமூகம் விதைக்கும் வேற்றுமையை உடை மட்டும் களைந்துவிடாது. சீருடையைச் சமத்துவத்தின் நிறைவாகக் கொள்ளாது, தொடக்கமாகக் கொள்வதே பொருத்தமாகும்.